சிக்கனமும் சிறப்பும்: ஊர்க் கூட்டங்களையும் வீட்டு விசேஷங்களையும் கைவேலையால் நடத்தும் முறை

(சங்க அங்கத்தினர் வகுப்புக்குரிய பாடம்)

பாடத்தின் நோக்கம்

கிராமத்தில் ஜனங்கள் ஒன்றுகூடும் சந்தர்ப்பங்கள் பல. கலியாணம், வளைகாப்பு, காதுகுத்து, புதுமனை புகுதல் முதலியவை குடும்ப வைபவங்கள். பொங்கல், கோயில் திருவிழா, சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டம், ஜூலை மாதம் முதல் சனிக்கிழமையில் வரும் சர்வதேசக் கூட்டுறவு தினம், நவம்பர் 14 முதல் 20 வரை கொண்டாடப்பெறும் கூட்டுறவு வாரம் ஆகியவை பொது வைபவங்கள். இவை யாவும் வேண்டப்படுவனவே. கூடிப் பேசாத ஊரில் ஒற்றுமை வளராது. ஒற்றுமையில்லாத ஊரில் சங்கமும் நிலைபெறாது. ஆயினும் ஒருநாட் சிறப்புக்காக ஒரு வருஷத்து வருமானத்தை அடகு வைக்கும் வழக்கம் சிறப்பாகாது. குறைந்த பணத்தில், கையருகேயுள்ள பொருள்களைக் கொண்டு, விருந்தினர் மனங்குளிரும்படி ஒரு கூட்டத்தை நடத்துவது எவ்வாறு என்பதை விளக்குவதே இப்பாடத்தின் நோக்கம்.

1. விசேஷச் செலவும் கடனும்

உழவர் கடன்படுவதற்குக் காரணம் விவாகச் செலவே என்று பலர் எளிதாகக் கூறிவிடுவதுண்டு. அது முழு உண்மையன்று. 1875ஆம் ஆண்டில் தக்காணத்தில் குடியானவர்கள் லேவாதேவிக்காரர்களுக்கு எதிராகக் கலகம் செய்தபின், அதன் காரணங்களை ஆராய்ந்த கமிஷன், விவாகச் செலவுக்கு அளவுக்கு மீறிய முக்கியத்துவம் கொடுக்கப்படுகிறதென்றே கருதியது. ஆனால் 1925இல் பஞ்சாப் விவசாயிகளின் நிலையைப் பற்றிப் பெருநூல் எழுதிய மால்கம் டார்லிங், சிறு நிலம், கால்நடைச் சாவு, எளிதிற் கிடைக்கும் கடன் முதலியவற்றோடு, சடங்குகளிற் செய்யும் ஆடம்பரத்தையும் கடனுக்குரிய காரணங்களுள் ஒன்றாக வைத்து எண்ணினார். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். மழை பொய்ப்பதும் மாடு இறப்பதும் நம் கையில் இல்லை. பந்தலின் அளவும் பந்தியின் ஆடம்பரமும் நம் கையில் உள்ளன. நம் கையில் உள்ளதை முதலில் திருத்திக்கொள்வதே விவேகம்.

விதை, உரம், மாடு ஆகியவற்றுக்கு வாங்கிய கடன் அறுவடையில் தன்னைத் தானே அடைத்துக்கொள்ளக் கூடும். விருந்துக்கு வாங்கிய கடனோ வாழையிலை காயுமுன் செலவாகிவிடும்; வட்டி மட்டும் பசுமையாக நிற்கும். 1904ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சட்டம் பிறந்த அவ்வாண்டிலேயே, அக்காலத்துச் செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த திரூரில் விவசாயிகளின் நாணயச் சங்கம் தோன்றியது. கந்துவட்டியிலிருந்து குடியானவரை விடுவிப்பதே அத்தகைய சங்கங்களின் முதல் வேலை. பயிருக்கென்று வாங்கிய பணத்தைப் பந்தலில் செலவழிக்கும் அங்கத்தினர், தம்மை மட்டுமன்றித் தமக்கு ஜாமீன் நின்றவரையும் சங்கடத்துக்கு உள்ளாக்குகிறார்.

இங்கே மொய் வழக்கத்தையும் கவனிக்க வேண்டும். மொய் என்பது நம் முன்னோர் கண்ட வட்டியில்லாக் கூட்டுறவு. புதுக்கோட்டை, தஞ்சாவூர் ஜில்லாக்களின் சில பகுதிகளில், விசேஷம் ஏதும் இல்லாமலே ஆடி, ஆவணி மாதங்களில் மொய் விருந்து வைத்து முதல் திரட்டிக்கொள்ளும் வழக்கம் உண்டு. பெற்றதை நோட்டில் எழுதி வைத்து, கொடுத்தவர் வீட்டு விருந்தில் திருப்பிச் செலுத்துவர். பணம் தேவைப்பட்டவன் வட்டிக்கடைக்குப் போகாமல் ஊராரிடம் கேட்கும் மார்க்கம் இது. ஆனால் விருந்துச் செலவு மிகுமானால், திரண்ட முதலில் ஒரு பகுதியை விருந்தே விழுங்கிவிடும். திருப்பிக் கொடுக்க வேண்டிய பாரமோ சிறிதும் குறையாது. ஆகவே மொய்யினால் நன்மை பெறவும் சிக்கனம் இன்றியமையாதது.

2. உண்கலம்: தையல் இலையும் தொன்னையும்

விருந்துக்கு முதல் வேண்டுவது உண்கலம். தோட்டத்தில் வாழை உள்ளவர்க்கு இது ஒரு பிரச்சினையே அன்று. வாழை இல்லாத புன்செய்ச் சீமையில், ஆலிலை, மந்தாரை இலை, புரசு என்னும் பலாச இலை ஆகியவற்றைத் தைத்துப் பயன்படுத்துவது தொன்று தொட்ட வழக்கம். பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டு, காகிதக் குவளை, தெர்மாகோல் தட்டு, மேஜைமேல் விரிக்கும் பிளாஸ்டிக் தாள் ஆகியவை 2019ஆம் ஆண்டு ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டவை. ஆதலால் தையல் இலையை மறுபடி கற்றுக்கொள்வது சிக்கனத்துக்கு மட்டுமன்றிச் சட்டத்துக்கும் பொருந்தும்.

தைக்கும் முறை பின்வருமாறு.

(அ) மிக இளந்தளிரும் மிக முற்றிய இலையும் ஆகா. நடுத்தர முதிர்ச்சியுள்ள, பூச்சி அரிக்காத இலைகளைக் காலையில் பறிக்கவும். ஆலிலையைக் கிள்ளினால் பால் வடியும். பால் நின்றபின் நன்றாகக் கழுவித் துடைக்கவும்.

(ஆ) தென்னை ஈர்க்கை மெல்லியதாகக் கிழித்து, விரற்கடை நீளமுள்ள துண்டுகளாக நறுக்கிக்கொள்க. இவையே ஊசியும் நூலும் ஆகும்.

(இ) பெரிய இலை ஒன்றை நடுவில் வைத்து, அதைச் சுற்றிலும் மற்ற இலைகளை ஒன்றன்மேல் ஒன்று மூன்றில் ஒரு பங்கு படியுமாறு அடுக்கி, ஈர்க்கை மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் செருகிப் பிணைக்கவும். இலை சிறியதாயின் எண்ணிக்கையைக் கூட்டுக. குழம்பு ஒழுகாமலிருக்க இடைவெளியின்றித் தைப்பதே திறமை.

(ஈ) தைத்த இலைகளை அடுக்கி, மேலே பலகையும் கல்லும் வைத்து, நிழலில் உலர்த்தவும். ஈரம் நீங்கிய கட்டுகள் பல மாதம் கெடாமல் இருக்கும். பரிமாறுமுன் தண்ணீர் தெளித்துத் துடைத்தால் விறைப்பு நீங்கி இலை படிந்துகொள்ளும்.

இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. முதலாவது, எருக்கு, அரளி ஆகியவற்றின் இலையையோ குச்சியையோ உணவுக்கருகே கொண்டுவரலாகாது, அவை நஞ்சுடையவை. இரண்டாவது, குழந்தைகளுக்கு இடும் இலையில் ஈர்க்கின் முனை மேலே நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று தடவிப் பார்த்தபின்பே சோறு இட வேண்டும்.

பாயசம், சுண்டல் முதலியவற்றுக்கு வாழைப்பட்டையிலோ மந்தாரை இலையிலோ தொன்னை செய்யலாம். பனை மிகுந்த தென் ஜில்லாக்களில் பதநீர் பருகப் பயன்படும் ஓலைப்பட்டையைச் செய்வது இன்னும் சுலபம். விரிந்த பசிய ஓலையில் ஏழெட்டு இதழ்களை ஒன்றாக நறுக்கி, இதழ் மடிப்புகளைப் பிரித்துக் குழிவாக்கி, நுனிகளைச் சேர்த்து ஓலை நாரால் முடிந்துவிட்டால் பட்டை ஆயிற்று.

உண்டபின் இலைகளை வீதியோரம் எறிதல் கூடாது. எருக்குழியில் இலை ஓர் அடுக்கு, சாணக்கரைசல் ஓர் அடுக்கு, மண் ஓர் அடுக்கு என்று இட்டு ஈரம் காயாமல் காத்துவந்தால், சில மாதங்களில் நல்ல எரு கிடைக்கும். காகிதத் தட்டு குப்பையாய்க் கிடக்கும். தையல் இலையோ வயலுக்குத் திரும்பும்.

3. பந்தலும் தோரணமும்

பகலில் நடக்கும் கூட்டத்துக்கு வேம்பு, புங்கம், ஆல் ஆகியவற்றின் நிழலே போதும். பந்தல் இன்றியமையாததாயின், கீற்றையும் மூங்கிலையும் அங்கத்தினர் கூடிச் சேகரித்துக் கட்டிக்கொள்ளலாம்.

ஆனால் கீற்றுப் பந்தல் தீக்கு இரை என்பதை ஒருபோதும் மறக்கலாகாது. 2004ஆம் ஆண்டு ஜனவரியில் ஸ்ரீரங்கத்தில் ஒரு கலியாணத்தில் மாடிமேற் போட்டிருந்த பந்தலில் தீப்பற்றி மணமகன் உள்படப் பலர் மாண்டனர். அதே ஆண்டு ஜூலை 16இல் கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையலறைத் தீ கூரைக் கீற்றிற் பற்றி 94 குழந்தைகள் உயிரிழந்தனர். ஆதலின் பின்வரும் விதிகளைக் கண்டிப்பாய் அனுசரிக்க வேண்டும். அடுப்பு, பந்தலை விட்டு விலகி, காற்று பந்தலை நோக்கி வீசாத திசையில் இருக்க வேண்டும். மாடியின்மேல் கீற்றுப் பந்தல் போடலாகாது. எதிரெதிரே இரண்டு வழிகளேனும் அடைபடாமல் இருக்க வேண்டும். மின்சார விளக்கும் கம்பியும் கீற்றைத் தொடலாகாது. நான்கு மூலையிலும் தண்ணீர்த் தொட்டியும் மணலும் வைத்து, அவற்றைக் கவனிக்க ஒருவரை நியமிக்க வேண்டும். பந்தலருகே வாணவேடிக்கை கூடாது.

அலங்காரத்துக்கு மாவிலையும் தென்னோலையும் போதுமானவை. மாவிலை பறித்தபின் எளிதில் வாடாது. அதன் காம்பை மடக்கிக் கயிற்றிற் செருகினால் தோரணம் ஆயிற்று. தென்னோலையின் இதழ்களைக் கிழித்து மடக்கி, கிளி, பூ, சங்கிலி முதலிய உருவங்களைச் செய்து தொங்கவிடும் வித்தை பெரியோர் பலருக்குக் கைவந்தது. மங்கல காரியத்துக்கும் அமங்கல காரியத்துக்கும் தோரணம் மடக்கும் முறை வேறுபடுமாதலால், தெரிந்த பெரியவரை நடுவில் இருத்தி, பிள்ளைகள் அவரைச் சூழ்ந்து கற்பதே முறை. குருத்தோலை அழகியதே, ஆயினும் தென்னைக்கும் பனைக்கும் உச்சியில் வளர்முனை ஒன்றே உண்டு. அது காயப்பட்டால் மரமே பட்டுப்போகும். ஒருநாள் அலங்காரத்துக்காகப் பல ஆண்டு காய்க்கும் மரத்தை இழப்பது விவேகமன்று. மரம் ஏறத் தெரிந்தவரைக் கொண்டு அளவோடு எடுக்க வேண்டும். அல்லது பக்க ஓலையால் திருப்தியடைய வேண்டும்.

சங்கத்தின் பெயரைத் துணியில் எழுதி வைத்துக்கொள்வது நலம். வெள்ளைத் துணியில் செங்காவியால் எழுதிய எழுத்துத் தெளிவாய் நிற்கும். மஞ்சள் கரைத்த நீரில் சுண்ணாம்பு சேர்ந்தால் சிவப்பாவதை ஆரத்தித் தட்டில் யாவரும் கண்டிருக்கிறோம்; ஒருநாட் கோலத்துக்கும் சிறு அலங்காரத்துக்கும் அந்நிறமே போதும். துணிப்பலகையை மடித்து வைத்து மறு வருஷமும் கட்டலாம்.

4. தாம்பூலக் கொட்டான்

விருந்தினர்க்கு வெற்றிலை பாக்கும் பழமும் கொடுத்தனுப்புவது நம் மரபு. அதற்குப் பையை விலைக்கு வாங்காமல் ஓலைக் கொட்டானைப் பயன்படுத்தலாம். செட்டிநாட்டில் சீர் வரிசைகளுக்குக் கொட்டான் முடைவது பெண்மக்களின் கைவேலையாய் வளர்ந்தது. வண்ண ஓலையும் துணி ஓரமும் சேர்ந்த அக்கொட்டான்களுக்கு இன்று வெளியூர்களிலும் மதிப்பு உண்டு. எளிய கொட்டானை எவரும் முடையலாம்.

உலர்ந்த பனையோலையை நீரில் நனைத்து வளையும் பதமாக்கி, ஒரே அகலமுள்ள கீற்றுகளாகக் கிழித்துக்கொள்க. ஆறு கீற்றுகளை நெடுக்காக வைத்து, ஆறு கீற்றுகளைக் குறுக்காக, ஒன்றன் மேலும் ஒன்றன் கீழுமாகக் கோத்து இறுக்கினால் அடி சதுரமாய் அமையும். நாற்புறமும் நீண்டிருக்கும் கீற்றுகளை மேல்நோக்கி மடித்து நிறுத்தவும். பிறகு ஒவ்வொரு சுற்றுக்கும் தனிக் கீற்று எடுத்து, நிற்கும் கீற்றுகளுக்கு உள்ளும் புறமுமாக மாறி மாறிச் செலுத்தி, முனைகளை ஒன்றன்மேல் ஒன்று படியவிட்டு மறைக்கவும். அடுத்த சுற்றில் உள்ளது புறமாகவும் புறத்தது உள்ளாகவும் வரவேண்டும். வேண்டிய உயரம் வந்ததும் நிற்கும் முனைகளை உட்புறம் மடித்துச் செருகிவிடுக. நிழலில் உலர்ந்தபின் கொட்டான் விறைப்பாய் நிற்கும்.

இத்தகைய வேலைகள் விசேஷத்தோடு முடிந்துவிட வேண்டியதில்லை. 1920ஆம் ஆண்டுகளில் மார்த்தாண்டத்துக் கிராமப் புனருத்தாரண நிலையத்தில் ஸ்பென்ஸர் ஹாட்ச் என்பவர் தேன், முட்டை, பனைவெல்லம் முதலிய வீட்டுப் பொருள்களைத் தரம் பிரித்துக் கூட்டாக விற்கும் முறையைப் பரப்பினார். 1934ஆம் ஆண்டு டிசம்பரில் வார்தாவில் நிறுவப்பெற்ற அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்துக்கு, தஞ்சாவூரிற் பிறந்த ஜே. ஸி. குமரப்பா காரியதரிசியாக இருந்து, கிராமத்தார் கிராமப் பொருளையே வாங்க வேண்டிய அவசியத்தை வற்புறுத்தினார். அவ்விருவர் காட்டிய வழி இன்றைக்கும் பொருந்தும். நம் ஊரில் ஓலை முடையும் மூதாட்டியிடம் நூறு கொட்டான் சொல்லி வைத்தால், அப்பணம் ஊருக்குள்ளேயே நிற்கும். வீட்டில் முடையக் கை இல்லாதவர் விலைக்கு வாங்குவதாயின், ஊரிலேயே வாங்குக. பேரம் பேசி அவர் கூலியைக் குறைக்க வேண்டாம்.

5. நூறு பேருக்கு எளிய உபசாரம்

சங்கக் கூட்டத்துக்குப் பெருவிருந்து தேவையில்லை. பானகம், நீர்மோர், சுண்டல் ஆகிய மூன்றே போதும். பின்வருவது நூறு பேருக்குரிய கணக்கு. விலையை அவரவர் ஊர் நிலவரப்படி எழுதிக் கூட்டிக்கொள்க.

பானகம்: தலைக்கு 150 மில்லி லிட்டராக 15 லிட்டர். வெல்லம் இரண்டரைக் கிலோ, எலுமிச்சம்பழம் 15, சுக்கும் ஏலமும் சிறிதளவு. வெல்லத்தைக் கரைத்து வடிகட்டிய பின்பே மற்றவற்றைச் சேர்க்க வேண்டும்.

நீர்மோர்: 15 லிட்டர். தயிர் 3 லிட்டர், தண்ணீர் 12 லிட்டர். உப்பு, இஞ்சி, கறிவேப்பிலை, பெருங்காயம்.

சுண்டல்: உலர்ந்த கொண்டைக்கடலை 5 கிலோ. ஊறி வெந்தபின் எடை இரண்டு பங்குக்கு மேலாகுமாதலால் தலைக்கு 100 கிராம் தாராளமாய்க் கிடைக்கும். முதல்நாள் இரவே ஊற வைத்து, ஊறிய நீரைக் கொட்டிவிட்டுப் புதுநீரில் வேகவைக்க வேண்டும்.

தையல் இலை அல்லது தொன்னை: 110. ஐந்து பேர் தலைக்கு 22 வீதம் தைத்தால் ஒருவருக்கும் பாரமிராது.

பானகத்துக்கும் மோருக்கும் கொதித்து ஆறிய தண்ணீரையே கலக்க வேண்டும். பானையை மூடி வைத்து, நீண்ட கைப்பிடி அகப்பையால் எடுத்து ஊற்றுக. குடித்த குவளையைப் பானைக்குள் விடலாகாது. நல்ல எண்ணத்தோடு கொடுத்த மோரினால் ஊருக்கு வாந்திபேதி வருமானால் அது உபசாரமாகாது.

6. ஒரே பந்தி

சங்கத்தில் பங்குப் பணம் செலுத்தியவர் யாவரும் சமம். ஒருவருக்கு ஒரு வாக்கு என்பதே கூட்டுறவின் உயிர்க்கொள்கை. வாக்கிலே சமம், பந்தியிலே வேறு என்றால் அக்கொள்கை ஏட்டோடு நின்றுவிடும். 1950ஆம் ஆண்டில் அமுலுக்கு வந்த அரசியலமைப்பின் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. சிலருக்குத் தனிக் குவளை, சிலருக்குத் தனிப் பந்தி என்று வைப்பது சட்ட விரோதம். சங்கத்துக்குப் பெரும் இழுக்கு. பாய்களை ஒரே வரிசையாய் விரித்து, வந்தவர் வந்தபடி அமரச் செய்க. பரிமாறுவோரையும் எல்லாத் தெருவிலிருந்தும் தேர்ந்தெடுக்க வேண்டும். தலைவரும் காரியதரிசியும் முதலில் அந்தப் பந்தியில் உட்கார்ந்து உண்டால், வேறு பிரசங்கம் தேவையில்லை.

பெண் அங்கத்தினர்களை அடுப்படியிலேயே நிறுத்திவிட்டுக் கூட்டம் நடத்துவதும் நியாயமன்று. அவர்களும் கணக்கைக் கேட்கவும் வினா எழுப்பவும் உரிமையுடையவர்கள். ஆகவே சமையலும் பாத்திரம் துலக்குவதும் கூட்டம் தொடங்குமுன் முடியும்படி, ஆண்களும் அவ்வேலையிற் பங்கு பெற வேண்டும்.

7. பொதுப் பாத்திரச் சேமம்

அண்டா, குண்டான், அகப்பை, குவளை, கோரைப் பாய், விளக்கு முதலியவற்றைத் தனித்தனியே வாடகைக்கு எடுப்பதால் ஒவ்வொரு குடும்பமும் செலவாளியாகிறது. பல கோயில்களில் இத்தகைய பொதுப் பாத்திரங்கள் வைத்திருக்கும் வழக்கம் பழமையானது. அங்கத்தினர் சிலர் சேர்ந்து சிறு தொகை போட்டு ஒரு சேமத்தை ஏற்படுத்திக்கொள்ளலாம். அதற்குரிய விதிகள் எளியவை: பொருள்களுக்கு எண்ணிட்டுப் பதிவேட்டில் எழுதுக, எடுத்தவர் கையொப்பமிட்டு எடுக்க, துலக்கி உலர்த்தி மூன்றாம் நாள் திருப்புக, காணாமற் போனதற்கு விலை கொடுக்க, சிறு வாடகையைப் பழுது பார்ப்பதற்கென்று தனியே வைக்க. இவ்விதிகள் பணக்காரருக்கும் ஏழைக்கும் ஒன்றாக இருந்தால்தான் சேமம் நிலைக்கும்.

முடிவுரை

கைவேலையால் செய்த சிறப்பு ஏழைமையின் அடையாளம் என்று நாணுவோர் சிலர் உளர். வாடகைக்கு வந்த ஜோடனை மறுநாள் வண்டியேறிப் போய்விடும். ஊரார் பத்து நாள் மாலைநேரங்களில் ஒன்றாய் உட்கார்ந்து இலை தைத்தும், தோரணம் மடக்கியும், கும்மிக்கும் கோலாட்டத்துக்கும் பழகியும் வந்தார்களானால், கூட்டம் கூடுமுன்பே கூட்டுறவு கூடிவிட்டதென்று அறியலாம். சேமித்த பணத்தைச் சங்கத்திலே வைப்புத் தொகையாய் இடுவோமானால், அடுத்த விசேஷத்துக்குக் கடன் கேட்க வேண்டிய அவசியமே நேராது.

வகுப்பில் விவாதிக்க வேண்டிய கேள்விகள்

1. சென்ற ஆண்டில் நம் ஊரில் நடந்த ஒரு விசேஷத்தின் செலவுகளை, ஊருக்குள் நின்றவை, ஊரை விட்டுப் போனவை என இருவகையாகப் பிரித்துக் காட்டுக.

2. நம் எல்லைக்குள் தைப்பதற்கேற்ற இலை எம்மரங்களிற் கிடைக்கும்? எம்மரங்களை நட வேண்டும்?

3. ஓலை முடையவும் தோரணம் மடக்கவும் அறிந்த பெரியோர் யாவர்? அவர்களிடம் இளைஞர் கற்க எந்நாள் வசதியானது?

4. பயிர்க்கடனை விசேஷத்துக்குச் செலவிட்டால் ஜாமீன்தாரருக்கு நேரும் கஷ்டங்கள் எவை?

5. நம் கூட்டங்களில் யாரேனும் விலகி நிற்கவோ, பின்னால் உண்ணவோ நேர்கிறதா? அதை மாற்ற முதலில் செய்ய வேண்டுவது யாது?

6. அடுத்த பொதுக்கூட்டத்துக்குத் தீக்காவலையும் தண்ணீரையும் கவனிக்கும் பொறுப்பை யார் ஏற்பது?